பல் இருந்தும்

மனிதக் குழந்தைக்குப் பால் பற்கள் 20. நாய்க்குட்டிக்கு 28. முன்வரிசையில் வெட்டுப் பற்கள் 12, கோரைப் பற்கள் 4, அவற்றுக்குப் பின்னால் பக்கப் பற்கள் 12. நம் குழந்தைக்கு முதல் பல் எட்டிப் பார்க்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது. நாய்க்குட்டிக்கோ மூன்றாவது வாரத்திலேயே முளைக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பற்களில் ஒருதரம் விரலைக் கொடுத்தவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஊசி என்றால் சாட்சாத் ஊசி. வளர்ந்த நாயின் பல்லுக்குக் கூட இவ்வளவு கூர்மை கிடையாது. தத்தித் தத்தி நடக்கிற, சோற்றைத் தவிர வேறு எதையும் கிழிக்க வேண்டிய அவசியமில்லாத ஒரு ஜீவனுக்கு இத்தனை ஆயுதம் எதற்கு? பிரம்மதேவன் வேறு எந்தப் பிராணிக்கோ எடுத்து வைத்திருந்ததை ஞாபக மறதியாக இதற்கு மாட்டிவிட்டானோ என்று எனக்கு வெகு நாள் சந்தேகம் இருந்தது. பிற்பாடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

'கடி' என்ற சொல்லைக் கோபத்தோடு சேர்த்தே நாம் பழகியிருக்கிறோம். நாய்க்குட்டி கடிக்கும்போது அதற்குக் கோபம் என்பதே பெரும்பாலும் இருப்பதில்லை. வாய்தான் அதற்குக் கை. தொட்டுப் பார்ப்பதும், பிடித்து இழுப்பதும், விளையாட வா என்று தட்டிக் கூப்பிடுவதும் எல்லாம் வாயால்தான். நம் வீட்டுக் குழந்தை கண்டதையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கிறதே, அதைப்போல அது கண்டதையெல்லாம் வாயில் எடுத்துப் பார்க்கிறது. செருப்பு, துடைப்பம், வேஷ்டி நுனி, எழுத்தாளனின் கைப்பிரதி, அவனுடைய கணுக்கால் எல்லாம் அதற்கு ஒரே ஜாதிதான்.

இந்தக் கையை எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அவற்றுக்குள்ளேயே ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் நடக்கிறது. ஐந்தாறு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று புரளுகின்றன. ஒன்று இன்னொன்றின் காதைக் கவ்வுகிறது. மெல்லக் கவ்வினால் ஆட்டம் தொடர்கிறது. அழுத்திக் கவ்வினால் கடிபட்ட குட்டி 'கீச்' என்று கத்திவிட்டு ஆட்டத்தை முறித்துக்கொண்டு போய்விடுகிறது. பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து நடந்துவிடுகிறது. கடித்தவனுக்கு விளையாட்டும் போயிற்று, பாலும் போயிற்று. இப்படி ஒரு நாளைக்குப் பல தடவை. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் வெகு காலம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையில் குட்டி யாரோடு பழகுகிறதோ, எப்படிப் பழகுகிறதோ, அதுதான் அதன் வாழ்க்கைக்கு அஸ்திவாரம் என்பது அவர்கள் கண்ட முக்கியமான விஷயம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம்மவர்கள் சொல்லி வைத்ததுதான். நாய்க்குத் தொட்டில் பன்னிரண்டு வாரத்தோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவே.

இந்த இடத்தில்தான் என் சந்தேகமும் தீர்ந்தது. குட்டியின் தாடைக்கு வலு இல்லை. பல்லும் மொண்ணையாக இருந்துவிட்டால், அது கடித்தது யாருக்கும் உறைக்காது, யாரும் கத்தமாட்டார்கள், அதற்கும் ஒன்றும் தெரியவராது. தாடை வலுப்பதற்கு முன்பே, கடித்தால் வலிக்கும் என்ற பாடம் நடந்து முடிய வேண்டும். அதற்காகத்தான் அந்த ஊசிகள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். பிரம்மதேவனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த குட்டி இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்காதது. 2025-ஆம் வருஷம் தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், பாளையங்கோட்டைக்கு வெளியே நான்கு வழிச் சாலையில் அதன் தாய் ஒரு லாரியில் அடிபட்டுப் போயிற்று. பக்கத்து டீக்கடைக்காரர் நாலு குட்டிகளையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கடை வாசலில் வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் மூன்று போய்விட்டன. நாலாவதை என் மகள் பார்த்துவிட்டாள். அவள் நான்காம் வகுப்பு. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அப்போது அந்தக் குட்டிக்கு வயது ஐந்து வாரம் இருந்தால் அதிகம். நிறம் செம்மண். வால் மட்டும் மேலே சுருண்டு ஒரு வட்டம் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் 'முறுக்கு' என்று பெயர் வைத்தாள். தீபாவளிப் பலகாரம் தீர்ந்துவிட்ட வருத்தமும் அதில் சேர்ந்திருக்கலாம்.

தாயும் இல்லை, கூடப் பிறந்ததும் இல்லை. ஆகவே முறுக்கு எங்களைக் கூடப் பிறந்தவர்களாக வரித்துக்கொண்டது. மகளின் பாவாடை, என் குதிகால், பால் அட்டை வாங்க வந்த பையனின் கால்சட்டை, ஒன்றையும் விடவில்லை. மகளின் முன்கையெல்லாம் முள்வேலியில் விழுந்து எழுந்தது மாதிரி கீறல். பள்ளிக்கூடத்தில் டீச்சர் விசாரித்தார்களாம்.

இதெல்லாம் வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது, நவம்பர் மாதம் நாலாவது சனிக்கிழமை வரையில்.

என் தாயாருக்கு வயது 74. இருதயத் துடிப்பு தாளம் தப்புகிறது என்பதற்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். கையின் தோல் வாழைச் சருகு மாதிரி ஆகிவிட்டது. அன்று காலை நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முறுக்கு வந்து புடைவை முந்தானையைக் கவ்வி இழுத்தது. விடுவிக்கலாமென்று குனிந்தாள். பல் மணிக்கட்டுக்கு மேலே கோடு போட்டுவிட்டது. இரண்டு அங்குல நீளம் இருக்கும். நமக்கென்றால் ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும். அம்மாவுக்கு அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் துணி நனைந்துகொண்டே இருந்தது.

சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும் என்பது தெரியும். கழுவினோம். பிறகு ஆஸ்பத்திரி. தாய்நாய் எப்படிப்பட்டது என்று தெரியாது, குட்டிக்கு இன்னும் வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயசாகவில்லை, ரத்தக் காயம் வேறு. எனவே ஊசி போட்டே தீர வேண்டும் என்றார் டாக்டர். அம்மா முகம் வெளுத்துவிட்டது.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாய்யா?"

டாக்டர் சிரித்தார். "அதெல்லாம் போயி எம்புட்டோ வருஷமாச்சு ஆச்சி. இப்ப கையிலதான். நாலே நாலு தடவை வந்தாப் போதும்."

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1885-இல் பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். அதன்பின் 1907-இல் குன்னூரிலேயே பாஸ்டர் பெயரில் ஸ்தாபனம் ஏற்பட்டது. 1911-இல் கசௌலியில் டேவிட் ஸெம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து ஒரு மருந்து தயாரித்தார். அந்த மருந்தைத்தான் அம்மாவின் தலைமுறை வயிற்றில் வாங்கிக்கொண்டது. நாய் கடித்தவனைவிட ஊசி போட்டவன் அதிகமாக அலறினான் என்று அவள் கதை சொல்லுவாள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மருந்து நம் தேசத்தில் நின்றுபோய்விட்டது. அம்மாவுக்குக் காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்து ஏற்றினார்கள். அன்றைக்கும், 3-ஆம் நாளும், 7-ஆம் நாளும், 28-ஆம் நாளும் இரண்டு கையிலும் தோலுக்குள் ஊசி. நாயைப் பத்து நாள் கவனித்துவரச் சொன்னார்கள். வெறி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடுமாம். முறுக்கு அந்தப் பத்து நாளும் பரம ஆரோக்கியமாக இருந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கடித்தது என்றுகூடச் சொல்லலாம்.

அன்று ராத்திரி என் மனைவி நிதானமாகப் பேசினாள். அவள் நிதானமாகப் பேசினால் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"பொங்கல் வரைக்கும் பார்ப்போங்க. அதுக்குள்ள கடிக்கறதை நிறுத்துச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா யாருட்டயாவது கொடுத்துருவோம். அத்தையை வச்சுக்கிட்டு இந்த விளையாட்டு விளையாட முடியாது."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவள் சொன்னதில் ஓர் அட்சரம்கூடத் தப்பில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மகளும் ஒன்றும் சொல்லவில்லை.

'யாருட்டயாவது' என்பது யார்? வளர்ந்த ராஜபாளையத்து நாய் என்றால், சிப்பிப்பாறை என்றால், கேட்டு வாங்கிப் போக ஆள் உண்டு. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலையே வெளியிட்டார்கள். கடிக்கிற தெருநாய்க் குட்டியை யார் வாங்குவார்கள்? அது மறுபடி அந்த நான்கு வழிச் சாலைக்குத்தான் போய்ச் சேரும். அந்த வருஷம் ஆகஸ்டு மாதம்தான் சுப்ரீம் கோர்ட்டில் தெருநாய் வழக்கு அமளிப்பட்டது. டில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் கூடங்களில் அடைக்க வேண்டும் என்று 11-ஆம் தேதி ஓர் உத்தரவு. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று 22-ஆம் தேதி அதற்கு ஒரு திருத்தம். ஆனால் வெறிநாய்க்கும், பாய்ந்து கடிக்கிற நாய்க்கும் அந்தச் சலுகை கிடையாது. நாய் தெருவில் பிழைப்பதும் வீட்டில் பிழைப்பதும் கடைசியில் அதன் வாயைப் பொறுத்த சமாசாரம் என்று ஆகிவிட்டது. ஒன்பது வாரக் குட்டிக்கு இது தெரியுமா? அதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டியது நாங்கள்தான்.

யோசனை சொல்வதற்கு நம் ஊரில் பஞ்சமே கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"மூஞ்சியிலே பேப்பரைச் சுருட்டி ரெண்டு போடுங்க தம்பி. அடியாத மாடு படியாது. இல்லேன்னா கையிலே மொளகாப் பொடியைத் தடவிக்கிட்டுக் கடிக்கக் கொடுங்க. சவம், அப்புறம் கிட்ட வருமா?"

அதுதான் விஷயம். அப்புறம் கிட்ட வராது. அடிக்கிற கையும் சோறு போடுகிற கையும் ஒன்றாக இருந்தால், கை நீளும்போதெல்லாம் அது எந்தக் கை என்று நாய் யோசிக்க வேண்டியிருக்கும். பயந்த நாய்தான் நிஜமாகக் கடிக்கிற நாய். உறுமினதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை மட்டும் விட்டுவிடுகிறது. உறுமல் என்பது நமக்கு அது கொடுக்கிற நோட்டீஸ். நோட்டீஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டு நேரே காரியத்தில் இறங்குகிற நாயை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் சிநேகிதர் ஒருவர் கொஞ்சம் படித்தவர். அவர் வேறு மாதிரி சொன்னார். நாய் என்பது ஓநாயின் வம்சம். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் ஒருவன் உண்டு. நீங்கள் தலைவன் என்று அதற்குக் காட்ட வேண்டும். மல்லாத்திப் போட்டு அமுக்குங்கள் என்றார். இந்த அபிப்பிராயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1947-இல் ஷெங்கல் என்பவர் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். 1970-இல் டேவிட் மெக் என்ற அமெரிக்கர் தம் புத்தகத்தில் அதைப் பரப்பினார். அதே மெக் பிற்பாடு கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் பல கோடைக் காலங்கள் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999-இல் மாற்றி எழுதினார். சுதந்திரமாகத் திரிகிற ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம், தாயும் தகப்பனும் குட்டிகளும்தான், சண்டை போட்டு ஜெயித்த தலைவன் என்று அங்கே யாரும் இல்லை என்றார். ஜெயிலில் இருப்பவர்களைப் பார்த்து ஊர் ஜனங்களின் குணத்தை எழுதினால் எப்படி இருக்கும்? சிநேகிதரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா?" என்று காபியைக் குடித்தார்.

வியாச பாரதம் படித்தவர்களுக்கு ஒரு குட்டிநாய் ஞாபகத்துக்கு வரலாம். முடிவில் தருமரோடு போகிற நாய் எல்லோருக்கும் தெரியும். ஆதி பர்வத்தின் தொடக்கத்திலேயே ஒரு நாய்க்குட்டி வருகிறது. ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் யாகம் செய்துகொண்டிருக்கிறான். தேவலோகத்து நாய் சரமையின் குட்டி அங்கே வருகிறது. ராஜாவின் தம்பிமார் மூன்று பேரும் அதை அடித்துத் துரத்துகிறார்கள். அது அழுதுகொண்டே தாயிடம் போகிறது. நான் ஹவிஸைப் பார்க்கவுமில்லை, நக்கவுமில்லை என்கிறது. சரமை நேரே யாகசாலைக்கு வந்து, என் பிள்ளை என்ன தப்புச் செய்தான், எதற்காக அடித்தீர்கள் என்று கேட்கிறாள். ராஜ குடும்பத்தில் ஒருவருக்கும் வாயில் பதில் இல்லை. எதிர்பாராத சமயத்தில் உங்களுக்குப் பயம் வரட்டும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். அவ்வளவு பெரிய இதிகாசம், காரணமில்லாமல் அடிபட்ட ஒரு நாய்க்குட்டியின் வழக்கை முதலில் எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறது.

ஆகவே அடி இல்லை என்று தீர்மானம் ஆயிற்று. பின் என்ன வழி? இயன் டன்பார் என்ற ஆங்கிலேய மிருக வைத்தியர் வெகு காலமாகச் சொல்லி வருகிற ஒரு முறை உண்டு. முதலில் கடியின் அழுத்தத்தைக் குறை. அது குறைந்த பிறகு கடிப்பதையே குறை. வரிசையை மாற்றாதே. ஒரேயடியாக வாயை வைக்காதே என்று தடுத்துவிட்டால், எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று அதற்கு எந்தக் காலத்திலும் தெரியாமல் போகும். நாளைக்கு யாராவது தெரியாமல் வாலை மிதித்துவிட்டால், பழகாத வாய் முழுப் பலத்தோடு கடித்துவிடும்.

நாங்கள் செய்ததெல்லாம், தாய்நாயும் கூடப் பிறந்த குட்டிகளும் செய்திருக்க வேண்டிய வேலையை எங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டதுதான். விளையாடும்போது பல் அழுந்தினால் 'ஆ' என்று ஒரே ஒரு தடவை. கையை உதறி இழுக்கக் கூடாது. ஓடுகிற கை அதற்கு ஓடுகிற எலி மாதிரி. அப்படியே மரமாக நின்று, அது வாயைத் தளர்த்தியதும் எழுந்து அறையை விட்டுப் போய்விட வேண்டும். அரை நிமிஷம். திரும்பி வந்து ஒன்றும் நடக்காதது போல விளையாட வேண்டும். மறுபடி கடித்தால் மறுபடி அரை நிமிஷம். கடிக்கத் தகுந்த சாமான் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். பழைய துண்டை நனைத்து முறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுத்தோம். அந்தக் குளிர்ச்சி அதன் ஈறுக்கு இதமாக இருந்தது. இதை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். ஒருவர் சிரித்து ஒருவர் திட்டினால், சட்டம் என்ன என்று அதற்கு எப்படி விளங்கும்?

நாலு பேர் உள்ள வீட்டில் ஒரே மாதிரி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மகள் கடிபட்டால் வீல் என்று கத்திக்கொண்டு ஓடுவாள். முறுக்குக்கு அதைவிட ஆனந்தம் வேறில்லை; வாலைச் சுழற்றிக்கொண்டு துரத்தும். அவளை நிற்கப் பழக்கியதுதான் பெரிய வேலை. அழுகையை அடக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் கல்லாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். பொங்கல் என்ற வார்த்தையை அவள் வாயால் சொல்லவேயில்லை. ஆனால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் கோடு போட்டு வந்தாள். வலிக்கிற கடி ஒன்றுக்குக் கோடு ஒன்று. முதல் நாள் 31 கோடு. ஒரு வாரத்தில் 17.

கார்த்திகைத் தீபத்தன்று 40.

என் மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் விளக்குக்கு எண்ணெய் விடப் போய்விட்டாள். முறை பலிக்கவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இதற்கும் ஒரு நியாயம் உண்டு. கரண்டு போன வீட்டில் சுவிட்சைத் தட்டுகிறோம். விளக்கு எரியவில்லை. உடனே விட்டுவிடுகிறோமா? நாலு தடவை படபடவென்று தட்டிப் பார்த்த பிறகுதான் விடுகிறோம். இத்தனை நாள் கடித்தால் ஓடி விளையாடின ஜனங்கள் இப்போது ஏன் எழுந்து போகிறார்கள் என்று முறுக்கு நாலு தடவை தட்டிப் பார்த்தது. அந்தச் சமயத்தில் ஓர் ஆள் மனம் தளர்ந்து விளையாடிவிட்டால், இன்னும் பலமாகக் கடித்தால் காரியம் ஆகும் என்று அது படித்துவிடும். நாங்கள் தளரவில்லை. இன்னொன்றும் நோட்டிலிருந்தே தெரிந்தது. கோடுகளில் பாதிக்கு மேல் அந்தி ஆறு மணிக்குப் பிறகு விழுந்தவை. நாய்க்குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்க வேண்டிய பிராணி. எங்கள் வீட்டுச் சந்தடியில் அதற்குத் தூக்கமே இல்லை. தூக்கம் கெட்ட குழந்தை சிணுங்குகிறது. தூக்கம் கெட்ட குட்டி கடிக்கிறது. பின்கட்டில் கோணியை விரித்து, மத்தியான்னம் முழுவதும் யாரும் அந்தப் பக்கம் போகாமல் செய்தோம். நாலு நாளில் கணக்கு 15-க்கு இறங்கிற்று.

இவ்வளவும் நடக்கும்போது என் தாயார் எங்கே இருந்தாள்? அழிக்கதவுக்கு உள்ளே இருந்தாள். டாக்டர் சொற்படி அவள் அறைக்கு இடுப்பளவு உயரத்தில் ஆசாரியை வைத்து ஒன்று போட்டிருந்தோம். உள்ளே அவள், வெளியே முறுக்கு. கம்பி வழியாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் காலை எட்டிப் பார்த்தேன். அம்மாவின் கையில் சமையலறை அகப்பை இருந்தது. நீளக் காம்பு. குழியில் ஒரு துண்டு இட்டிலி. அதைக் கம்பி வழியாக மெல்ல வெளியே நீட்டினாள். முறுக்கு பாய்ந்தது. அகப்பை அதே வேகத்தில் உள்ளே போய்விட்டது. அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நீட்டினாள். மறுபடி பாய்ச்சல். மறுபடி சுவர். ஏழாவதோ எட்டாவதோ தடவை முறுக்கு பாயவில்லை. என்ன செய்வதென்று புரியாமல் பின்னங்காலில் உட்கார்ந்துவிட்டது. அகப்பை தானாக அதன் வாய்க்கு வந்தது.

"எத்தனை நாளா நடக்குதும்மா இது?" என்றேன்.

"ஊசி போட்டுட்டு வந்த மறுநாள்லேர்ந்து. பல்லு இருந்தும் கடிக்காம இருக்கணும்லாய்யா? அதுக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுக்கணும்லா? அதுக்குத்தான் ஆத்தா இல்லையே."

நாங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாம் ஐந்து பேர். எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் அப்பாவின் பிரம்பு இருந்தது. அது யார்மேல் எதற்காக விழுந்தது என்பதெல்லாம் மறந்துவிட்டது. அம்மா எங்களை அடித்தவளல்ல. பேசமாட்டாள், அவ்வளவுதான். சோறு போடுவாள், தலை வாரிவிடுவாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வாள். சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் அதுவும் முடிந்துவிடும். விளக்கைத் தாண்டி ஒரு நாளும் அதை அவள் இழுத்ததில்லை. அந்த அரைப் பகலின் கனத்தை நாங்கள் ஐந்து பேரும் இன்றைக்கும் கூடிப் பேசிக்கொள்கிறோம். குட்டிக்கு அரைப் பகல் தாங்காது. அரை நிமிஷத்துக்கு மேலே போனால் எதற்காக என்பதே அதற்கு மறந்துபோகும். அளவு வேறு, மருந்து ஒன்றுதான். அம்மா டன்பாரைப் படித்ததில்லை.

வேறொன்றும் கவனித்தேன். அம்மாவின் கைகளுக்கு வேகம் கிடையாது. வயசாலும் வாதத்தாலும் எதையும் மெல்ல நீட்டி மெல்ல எடுப்பாள். எங்கள் கைகள் வெடுக்கென்று போய் வெடுக்கென்று வரும். அதைப் பார்த்தால் குட்டிக்குப் பிடிக்கத் தோன்றும். அந்த நிதானமான கைக்கு முன்னால் அதுவும் நிதானமாகிவிடும். வீட்டில் யாரைக் காப்பாற்ற வேண்டுமென்று கதவு போட்டோமோ, அவள்தான் முறுக்குக்கு ஏற்ற வாத்தியாராக இருந்தாள்.

மார்கழி பிறந்தது. மூன்று மாதம் நிறைந்ததும் முறுக்குக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். அதே வாரம் அம்மாவுக்கும் 28-ஆம் நாள் ஊசி. வீட்டுக்கு வந்ததும் அழிக்கதவின் கொண்டியை அம்மாவே நீக்கினாள். என் மனைவி, "அத்தை, வேண்டாம் அத்தை" என்று எழுந்தாள். அம்மா உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அதில் இட்டிலி. முறுக்கு வந்தது, உட்கார்ந்தது, அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு பல் படாமல், உதட்டால், ஒரு பூவை எடுப்பது போல எடுத்துக்கொண்டது. என் மகள் ஓடிப்போய்க் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். அன்றைக்கு மொத்தம் 4 கோடுகள்.

பொங்கலும் வந்தது. சூரியனுக்குப் படைத்தாயிற்று, சாப்பிட்டாயிற்று. கெடுவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானாக ஏன் கேட்பானேன்? மறுநாள் மாட்டுப் பொங்கல். எங்கள் வீட்டில் மாடு போய் முப்பது வருஷம் ஆகிறது. என் மனைவி காலையில் குளித்துவிட்டு, ஒரு முழம் செவ்வந்திப் பூவைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். முறுக்கைப் பிடித்து நிறுத்தி, கழுத்தில் பூவைக் கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்தாள். தீர்ப்பு இவ்விதமாக வழங்கப்பட்டது. அவள் திரும்பி நாலு அடி வைப்பதற்குள் அந்தப் பூ நார் நாராகிவிட்டது.

நாலு மாதத்திலிருந்து பால் பற்கள் உதிர ஆரம்பித்தன. ஏழாவது மாதத்துக்குள் பெரிய பற்கள் 42-ம் வந்துவிட்டன. இனி இந்த நாய் கடிக்கவே கடிக்காதா என்று அண்ணாச்சி சுவருக்கு மேலிருந்து கேட்டார். அப்படி எந்த நாய்க்கும் யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியாது. சின்னக் குழந்தை வந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முறுக்கை நாங்கள் விடுவதில்லை. எந்த நாயையும் அப்படி விடக் கூடாது. ஆனால் ஒரு நாள் இருட்டில் அதன் காலை நான் மிதித்தபோது, என் கணுக்காலைக் கவ்வி, கவ்வின வேகத்திலேயே விட்டுவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். தோலில் கோடுகூட இல்லை.

சமையலறைக்கு அந்த அகப்பை பிறகு திரும்பவில்லை. காம்பெல்லாம் பல் தடம். என் மனைவி கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டாள். பழையது அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.